நெல் தரிசு உளுந்து: தையில் தெளிக்கும் நாள் ஆவணியிலேயே முடிவாகிறது

காவிரி டெல்டாவில் சம்பா அறுத்த வயலில் உளுந்தோ பயறோ எடுக்க உழவு வேண்டாம், பாத்தி வேண்டாம், பெரும்பாலும் பாசனமும் வேண்டாம். நெல் நிற்கும்போதே விதையைத் தெளித்துவிட்டு நெல்லை அறுத்துக்கொண்டு போனால் போதும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்துக்கொண்டு 65 முதல் 75 நாளில் பயிர் காய்த்து முடிந்துவிடும். கூடவே வெறும் வயலாகக் கிடக்க வேண்டிய மண்ணை மூடிவைக்கும், வேர் முடிச்சால் தழைச்சத்தும் சேர்க்கும். செலவு குறைவான பயிர் என்பதால் தேதியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. தவறு நடப்பது அங்கேதான். உழவும் தண்ணீரும் இல்லாத பயிரில் நம் கையில் இருப்பது தெளிக்கும் நாள் ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் பிறகு உரம் போட்டோ மருந்து அடித்தோ ஈடுகட்ட முடியாது.

பொதுவாகச் சொல்லும் கணக்கு ஜனவரி மூன்றாம் வாரம் முதல் பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை. தமிழ் மாதத்தில் சொன்னால் தை முழுக்க. அதிலும் தை முதல் மூன்று வாரம் நல்ல நாள். கடைசி வாரம் சுமார். மாசி பிறந்த பிறகு தெளிக்கும் உளுந்து விதைக்காசைத் திருப்பித் தந்தாலே பெரிது என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டித் தெளித்தால் என்ன ஆகும்? மார்கழிக் கடைசியில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். உளுந்து வெப்பத்தில் வளரும் பயிர். குளிரில் முளைப்பு தாமதமாகும், செடி குத்துக்கட்டையாக நிற்கும், இலை மேல் மணிக்கணக்கில் பனி தங்கும். அந்தப் பனியும் குளிருமான சூழலில்தான் சாம்பல் நோய் ஏறும். இலையில் மாவு தூவியதுபோல வெள்ளை படரும், பூக்கும் முன்பே அடியிலை உதிரும். அதோடு, மார்கழியில் நெல் இன்னும் பச்சையாக இருக்கும். நிழலில் முளைத்த உளுந்து வெளிச்சம் தேடி வெளிறி நீளும். அறுப்பு முடிந்து நேர் வெயில் பட்டதும் சுருண்டு விழும். வடகிழக்குப் பருவமழையின் வால் பகுதியும் அப்போதுதான் வரும்.

பின்தங்கித் தெளித்தால் கதை வேறு. உளுந்து விதைத்து 30 முதல் 35 நாளில் பூக்கத் தொடங்கும். ஜனவரி 20இல் தெளித்தது பிப்ரவரி 20க்கு மேல் பூத்து, ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அறுப்புக்கு வரும். பிப்ரவரி 20இல் தெளித்தது மார்ச் கடைசியில்தான் பூக்கும். அதற்குள் களிமண் வெடித்திருக்கும். மேல்மண் ஈரம் போவதை விட இந்த வெடிப்பு மோசமானது. வெடிப்பு விடும்போது பக்கவேர்கள் அறுந்துபோகும். வெடிப்பின் வழியாக அடிமண் ஈரமும் ஆவியாகும். பகல் வெயிலில் பூ உதிரும், நின்ற காயிலும் மணி சுருங்கும். வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும். ஏ.டி.டி. 3 ரக உளுந்துக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி குறைவு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோர வயல்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். மண் காயக் காய அடியிலிருக்கும் உப்பு மேலேறும். அங்கெல்லாம் தை பாதியைத் தாண்டவே கூடாது.

ஆக, முன்னால் குளிரும் சாம்பல் நோயும், பின்னால் வெடிப்பும் தேமலும். நடுவில் இருக்கும் மூன்று நான்கு வாரத்துக்குள் நெல் அறுப்பு வந்தாக வேண்டும். அறுப்பு எப்போது வரும் என்பதை நிர்ணயிப்பது நாற்றங்கால் விட்ட நாளும் நெல் ரகமும்தான். அதனால்தான் உளுந்து தெளிக்கும் நாளை ஆவணியில் முடிவு செய்ய வேண்டும் என்கிறோம்.

பின்னோக்கி எண்ணும் கணக்கு

ஜனவரி 27 வாக்கில் நெல் அறுக்க வேண்டும், 23இலோ 24இலோ உளுந்து தெளிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 160 நாள் ஓடும் சி.ஆர். 1009 ரகத்துக்கு ஆகஸ்ட் 20இல் நாற்று விட வேண்டும். 145 நாள் கணக்கில் வரும் பி.பி.டி. 5204க்கு செப்டம்பர் 4. 135 நாள் ரகத்துக்கு செப்டம்பர் 14. ஏ.டி.டி. 39 போன்ற 125 நாள் ரகத்துக்கு செப்டம்பர் 24. நேரடி விதைப்பு என்றால் பறித்து நடும் அதிர்ச்சி இல்லாததால் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே முற்றும். அதற்கேற்ப விதைப்பைத் தள்ளிப் போடலாம்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது. தண்ணீர் தாமதமாக வந்த ஆண்டில் சம்பாவே தள்ளிப்போகும். அப்போதும் பழக்கத்தை விடாமல் 160 நாள் ரகத்தைப் போட்டால் பிப்ரவரி நடுவில்தான் அறுப்பு, உளுந்து போச்சு. அந்த ஆண்டில் 125 நாள் ரகத்துக்கு மாறுபவருக்கு நெல்லில் கொஞ்சம் குறைந்தாலும் உளுந்து கைக்கு வரும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குறுவை அறுத்துவிட்டு இரண்டாம் போகமாகத் தாளடி நெல் நட்டவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும். அக்டோபர் முதல் வாரத்தில் 130 நாள் ரகத்தை நாற்று விட்டால் அறுப்பு பிப்ரவரி 10ஐ ஒட்டி வரும். அங்கே உளுந்தை விடப் பச்சைப்பயறு பொருத்தம். ஏ.டி.டி. 3 பயறு 65 நாளை ஒட்டி முடிந்துவிடும். இந்த ஒரு வாரச் சேமிப்பு மாசிக் கடைசி வெயிலில் பெரிய வித்தியாசம் காட்டும்.

ஈரப் பதம்

நாள்காட்டி ஒரு எல்லையைத்தான் காட்டும். எல்லைக்குள் எந்த நாள் என்பதை மண் சொல்லும். தெளிக்க வேண்டியது மெழுகு பதத்தில். மேலே தண்ணீர் நிற்கக் கூடாது, மண் பளபளவென்று இருக்க வேண்டும், விதை விழுந்த இடத்தில் பாதி பதிந்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சோதிக்க எளிய வழி வயலுக்குள் இறங்கிக் குதிகாலை அழுத்திப் பார்ப்பது. குழியில் உடனே நீர் ஊறினால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். நீர் ஊறாமல் அரை அங்குலக் குழி தெளிவாகப் பதிந்து நின்றால் அன்றே தெளிக்கலாம். தடம் மேலாக மட்டும் பதிந்து, மயிரிழை வெடிப்பு தெரிய ஆரம்பித்திருந்தால் தெளிப்பு நாள் தாண்டிவிட்டது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மடைப் பக்கம், நடு வயல், வடிகால் பக்கம் என்று குறைந்தது மூன்று இடம் பார்க்க வேண்டும். டெல்டா வயலில் மடைக்கும் கடைக்கும் இரண்டு மூன்று நாள் ஈர வித்தியாசம் சாதாரணம். அப்படி இருந்தால் மொத்த வயலையும் ஒரே நாளில் தெளிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மேட்டுப் பகுதியை இன்றும் பள்ளத்தை இரண்டு நாள் கழித்தும் தெளிக்கலாம்.

ஈரம் கூடினால் விதை அழுகும். நீரில் மூழ்கிய உளுந்துக்குக் காற்று கிடைக்காது. ஊதிப் பருத்த விதை பூஞ்சாணத்துக்கு இரையாகும். ஈரம் குறைந்தால் இன்னும் மோசம். விதை பாதி ஊறி முளைவிட்டு, வேர் மண்ணுக்குள் இறங்கும் முன் காய்ந்துவிடும். அழுகிய விதையாவது ஐந்து நாளில் தெரிந்துவிடும், மறுபடி தெளிக்கலாம். முளைத்துக் காய்ந்தது தெரிய வரும்போது ஈரமும் போயிருக்கும்.

இந்தப் பதம் தானாக வராது, நாம்தான் வரவழைக்க வேண்டும். கதிர் மஞ்சளாகத் திரும்பியதும், களிமண்ணானால் அறுப்புக்கு 15 நாள் முன்னும், மணற்பாங்கானால் 10 நாள் முன்னும் தண்ணீரை நிறுத்தி வடிகாலைத் திறக்க வேண்டும். பள்ளத்தில் தேங்கியதை ஒரு சிறு வாய்க்கால் கீறி வடித்துவிடுங்கள். பக்கத்து வயல்காரர் பின்தங்கி நட்டிருந்தால் அவர் வயலிலிருந்து கசிவு வந்துகொண்டே இருக்கும். அந்த வரப்போரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு உளுந்து நிற்காது. வரப்பை மண் அணைத்துக் கசிவை அடைத்தால் ஓரளவு தப்பிக்கும்.

கையறுப்பும் மிஷின் அறுப்பும்

கையால் அறுத்த காலத்தில் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பு தெளிப்பது முறையாக இருந்தது. ஆட்கள் வயலில் நடந்து அறுக்கும்போது மேலாகக் கிடந்த விதையும் காலால் மிதிபட்டுச் சேற்றில் பதியும். முளைத்த செடி ஒன்றிரண்டு மிதிபட்டாலும் பரவலாக நிற்பதால் தெரியாது. நெல் வயல் எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஆள் இறங்கி அறுத்துவிடலாம் என்பதால் உளுந்துக்கு ஏற்ற ஈரத்திலேயே அறுப்பும் நடந்தது.

மிஷின் வந்த பிறகு இந்த இரண்டும் எதிரெதிராகிவிட்டன. விதைக்கு ஒட்டும் ஈரம் வேண்டும், மிஷினுக்கு இறுகிய மண் வேண்டும். ஈரத்தில் மிஷினை இறக்கினால் தடம் நான்கு அங்குலம் பதிந்து, பதிந்த விதை மேலே வராது, தடத்தில் தண்ணீரும் நிற்கும். மண் இறுகட்டும் என்று காத்திருந்தால் விதைக்கு ஈரம் போய்விடும். இன்று டெல்டாவில் தரிசு உளுந்து குறைந்த மகசூல் தருவதற்குப் பாதிக் காரணம் இந்த முரண்பாடுதான் என்பது எங்கள் கணிப்பு. பழைய 10 நாள் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு மிஷினை இறக்குபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

காரணம் முளைப்பின் வேகத்தில் இருக்கிறது. நல்ல ஈரத்தில் இரண்டு மூன்று நாளில் வேர் இறங்கும். ஐந்தாறு நாளில் பருப்பிலைகள் மண்ணுக்கு மேல் வந்துவிடும். மூன்றாம் நான்காம் நாளில் செடி இன்னும் வளைந்து தரையோடு ஒட்டியிருக்கும், அறுப்பு மிஷினின் பெல்ட் மேலே ஏறிப் போனாலும் கணிசமானது பிழைக்கும். ஏழெட்டு நாளில் பருப்பிலை விரிந்து தண்டு நிமிர்ந்து நொறுங்கும் பருவத்தில் இருக்கும். பருப்பிலைக்குக் கீழே ஒடிந்த உளுந்து மறுபடி துளிர்க்காது.

ஆகவே பெல்ட் மிஷின் என்றால் அறுப்புக்கு மூன்று நான்கு நாள் முன் தெளியுங்கள். பெல்ட் எடையைப் பரப்பித் தாங்கும், மெழுகு பதம் சற்று இறுகிய நிலையில் ஓடும். டயர் மிஷின்தான் கிடைக்கிறது என்றால் முன்கூட்டித் தெளிக்கவே வேண்டாம். அறுத்த அன்றே, தாமதித்தால் மறுநாள் காலைக்குள், தாளுக்கு நடுவே தெளித்துவிட்டு ரோட்டவேட்டரை இரண்டு அங்குல ஆழத்துக்கு மட்டும் ஒரு சால் ஓட்டி விதையை மூடுங்கள். ஆழம் கூடினால் ஈரம் ஆவியாகிவிடும். இரண்டாம் சால் ஓட்டவே கூடாது. நேர்த்தியாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று சால் ஓட்டிப் புழுதியாக்கிய வயலில் முளைப்பு பாதிகூட வராது.

மிஷின் வரும் நாள் உறுதியாகாமல் விதைப் பையைப் பிரிக்காதீர்கள். தை மாதத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மிஷின் தேவைப்படும். கொள்முதல் நிலையம் திறக்கும் நாளைப் பார்த்து அறுப்பைத் தள்ளிப்போடுவதும் வழக்கம். நாளைக்கு என்ற மிஷின் ஒரு வாரம் கழித்து வந்தால் தெளித்த உளுந்து நிழலில் நீண்டு, பெல்ட்டின் அடியில் போகும். மிஷின்காரர் பக்கத்து வயலில் இறங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு தெளித்தாலும் பழுதில்லை.

நெல் சாய்ந்து கிடந்தால் முன்கூட்டித் தெளிப்பு வீண். விதை கதிர் மேலேயே தங்கி நெல்லோடு மிஷினுக்குள் போகும். அறுத்த பின்தான்.

வைக்கோலையும் தேதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மிஷின் பின்னால் கொட்டும் வைக்கோல் வரிசை தடிமனாகக் கிடந்தால் அதன் அடியில் உளுந்து மஞ்சளாகிச் சாகும். கட்டும் மிஷின் மூன்று நான்கு நாளுக்குள் வந்தால் நல்லது. இரண்டு வாரம் கழித்து வந்து நிமிர்ந்த செடி மேல் ஓடுவதை விட, ஆள் விட்டு வைக்கோலை மெல்லிசாகப் பரப்பிவிடுவது மேல். மெல்லிய பரப்பு ஈரத்தையும் காக்கும்.

விதையும் தெளிப்பும்

ஏக்கருக்கு 10 கிலோ. மிஷின் அறுப்பென்றால் 12 கிலோ. மாக் கணக்கில் (மூன்று மா ஒரு ஏக்கர்) சொன்னால், மாவுக்கு மூன்றரைக் கிலோவிலிருந்து நான்கு கிலோ வரை. இது கூடுதலாகத் தோன்றும், கணக்குப் போட்டால் புரியும். 100 விதை ஏறக்குறைய 4 கிராம். 10 கிலோவில் இரண்டரை லட்சம் விதை. சதுர மீட்டருக்கு 60க்கு மேல் விழும். நமக்குத் தேவை சதுர மீட்டருக்கு 33 செடி. மேலாகக் கிடப்பது, புறா, மைனா பொறுக்குவது, தடத்தில் மாட்டுவது என்று பாதி போனாலும் மீதி தேறும்.

முளைப்புத் திறனைத் தெளிப்புக்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். ஈரச் சாக்கில் 100 விதையைப் பரப்பிச் சுருட்டி வைத்தால் நான்கைந்து நாளில் தெரியும். 75க்குக் குறைந்தால் விதையை மாற்றுங்கள். சொந்த விதையில் வண்டு துளை இருந்தால் அதைச் சலித்து எடுக்காமல் தெளிக்க வேண்டாம். துளை விழுந்த விதை முளைத்தாலும் செடியில் வலு இராது.

விதைநேர்த்திக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம். அடுத்து, வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துக் கலந்து அரை மணி நேரம் நிழலில் உலர்த்த வேண்டும். கார்பென்டசிம் போன்ற ரசாயன மருந்து கலக்குவதாக இருந்தால் கிலோவுக்கு 2 கிராம் போட்டு 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும், காசும் போச்சு. வயல் ஈரமாக இருக்கும்போது விதையை ஊறவைத்துத் தெளிக்கும் பழக்கம் வேண்டாம். ஊறிய விதை சேற்றில் சீக்கிரம் அழுகும்.

தெளிக்கும் நேரம் பனி விட்ட பிறகு, காலை 10 மணிக்கு மேல். இலை ஈரமாக இருந்தால் விதை நெல் தோகையில் ஒட்டிக்கொண்டு தரைக்கு இறங்காது. விதையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்கிலும் தெளித்தால் சீராக விழும். கையை உயர்த்தி வீசாமல் இடுப்புக்குக் கீழே தாழ்த்தி வீசினால் கதிரில் தங்குவது குறையும்.

மழை

டெல்டாவில் தையிலும் மழை வரும் என்பதை 2021 ஜனவரியும் 2023 பிப்ரவரி முதல் வாரமும் நன்றாகவே காட்டின. முற்றிய சம்பாவும் சாய்ந்தது, முளைத்த உளுந்தும் நீரில் நின்றது. வானிலை அறிவிப்பில் அடுத்த நான்கைந்து நாளுக்குள் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வந்தால், பதம் சரியாக இருந்தாலும் நிறுத்திவையுங்கள். மழைக்குப் பின் மறுபடி பதம் வரும். விதை போனால் மறுபடி வாங்க வேண்டும், அந்த நேரத்தில் நல்ல விதை கிடைப்பதும் அரிது. எல்லா விதையையும் ஒரே நாளில் கொட்டாமல் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

தெளித்த பின் மழை பெய்தால் தண்ணீரை அன்றைக்கே வடித்துவிட வேண்டும். ஒரு நாள் நின்றால் பெரும்பாலும் தப்பும். இரண்டு நாள் நின்றால் முளைக்கும் நிலையில் உள்ள விதை போய்விடும். பத்தாம் பன்னிரண்டாம் நாளில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைப் பத்து இடத்தில் வைத்து எண்ணுங்கள். சராசரி 25க்கு மேல் என்றால் கவலை இல்லை. 15க்கும் 25க்கும் இடையில் இருந்து, தேதி பிப்ரவரி 5ஐத் தாண்டாமல், ஈரமும் இருந்தால் திட்டுத் திட்டாகக் காலியான இடத்தில் மட்டும் கூடுதலாகத் தெளியுங்கள். 15க்கும் குறைவு என்றால் அந்த வயலுக்கு மருந்துச் செலவு செய்யாதீர்கள். ஆட்டுக்கு மேய்ச்சலாக விடுவது லாபம்.

மேய்ச்சல் பற்றியும் ஒரு சொல். அறுத்த வயலில் மாடு, ஆடு, வாத்து இறங்குவது ஊர் வழக்கம். ஊரில் ஒருவர் மட்டும் தனியே உளுந்து போட்டால் காவல் காக்க முடியாது. அக்கம்பக்கத்தில் பேசி ஒரே வாரத்தில் தெளித்தால் கசிவும் குறையும், ஆடுமாடும் அந்தப் பக்கம் வராது, பூச்சியும் ஒருவர் வயலில் குவியாது.

முளைத்த பின்

சரியான நாளில் தெளித்த பயிருக்கு அதன் பின் அதிக வேலை இல்லை. அறுத்த தாளிலிருந்து நெல் மறுதாம்பாகத் துளிர்த்து உளுந்தை அமுக்கும். கூடவே புல் களையும் வரும். 15 முதல் 20 நாளுக்குள், களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது, குயிசலோபாப் ஈத்தைல் 5 சதவீத மருந்தை ஏக்கருக்கு 400 மில்லி அடித்தால் மறுதாம்பும் புல்லும் அடங்கும். அகன்ற இலைக் களை அதிகமென்றால் இமாசிதாபைர் 10 சதவீதம் 200 மில்லி. மண்ணில் ஈரம் இருக்கும்போது அடித்தால்தான் வேலை செய்யும்.

பூக்கத் தொடங்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை, டி.ஏ.பி. உரத்தின் 2 சதவீதக் கரைசல். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே 10 லிட்டர் நீரில் ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். கலக்கிய மண்டியோடு ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும், இலையும் கருகும். இதற்குப் பதிலாக வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற சத்துக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கும் தருணத்தில் ஒரே முறை அடித்தாலும் போதும். தரிசுப் பயிருக்கு அடியுரம் போட வழியில்லாததால் இந்த இலைவழித் தெளிப்பை விடக்கூடாது. ஏக்கருக்கு 200 கிலோவைத் தாண்டுவதும் தாண்டாததும் பல வயல்களில் இதில்தான் இருக்கிறது.

காய் முக்கால்வாசிக்கு மேல் கறுத்ததும், காலைப் பனியின் ஈரம் இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். வெயிலேறினால் நெத்து வெடித்துக் கொட்டும். பிடுங்காமல் அறுத்தால் வேரும் அதன் முடிச்சும் மண்ணோடு தங்கும். அடுத்த நெல்லுக்கு உரமாகப் போகும் பங்கு அதில் இருக்கிறது.

நாள் தாண்டிவிட்டால்

மாசி பிறந்து அறுப்பு முடிந்த வயலில் கட்டாயத்துக்கு உளுந்து போட வேண்டாம். போர்செட் உள்ளவர்கள் தாளை உழுது, பாத்தி கட்டி, ஏ.டி.டி. 5 போன்ற கோடை இறவை ரகம் போடலாம், எள்ளும் போடலாம். அது தனிப் பயிர், தனிக் கணக்கு. தண்ணீர் இல்லாதவர்களுக்குக் கொளுஞ்சி என்ற தழையுரப் பயிர் இருக்கிறது. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. விதைத்தோல் கடினமாக இருக்கும். அப்படியே தெளித்தால் முளைப்பது கொஞ்சம்தான். கரடான மணலோடு கலந்து உரலில் மெதுவாக இடித்து, தோலில் கீறல் விழுந்த பிறகு தெளிக்க வேண்டும். இதற்கும் முளைக்க ஈரம் தேவை. ஆகவே மாசி வெடிப்பு விடும் முன்பே விதை மண்ணில் விழ வேண்டும். முளைத்துவிட்டால் கோடை முழுக்க மழையில்லாமலும் நிற்கும். மாடு வாய் வைக்காது, காவலும் வேண்டாம். அடுத்த சம்பாவுக்கு முன் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் நல்ல தழையுரம். ஒரு ஓரத்தை மட்டும் உழாமல் காய் முற்ற விட்டால், அடுத்த ஆண்டுக்கான விதை அங்கேயே கிடைத்துவிடும்.